ஐந்து நிமிட ஓட்டமும் ஐந்து வருடக் கடனும்

2005 ஆம் ஆண்டு நடுப்பகுதியில் நான் ஒரு கார் வாங்கினேன். சுனாமி அடித்து ஆறு மாதங்கள்தான் ஆகியிருந்தன. கடற்கரைப் பக்கம் மக்கள் இன்னும் கொட்டில்களில் இருந்தார்கள். மூடிக் கிடந்த கடையைத் திரும்பத் திறந்து, சரக்கு எடுக்கக் கொழும்புக்கும் கல்முனைக்குமாக நான் அலைந்து கொண்டிருந்த காலம் அது. தெரிந்த ஒருவர் மூலமாக ஒரு யப்பான் செடான் கார் காட்டப்பட்டது. வெள்ளை நிறம். புதிய சீட் கவர். உள்ளே நல்ல வாசனை. விற்பவர் செலுத்த, நான் பக்கத்தில் அமர்ந்து, கல்முனை நகரிலிருந்து சாய்ந்தமருது வரை போய்த் திரும்பினோம். மொத்தம் ஐந்து நிமிடம். ஏ.சி. குளிர்ந்தது, கெசட் பாடியது. அன்றைக்கே முற்பணம் கொடுத்தேன். மீதிக்கு ஐந்து வருட லீசிங்.

நான்கு மாதங்கள் கழித்து, மனைவி பிள்ளைகளோடு கண்டியிலிருந்து திரும்பி வரும்போது, மகா ஓயாவுக்கு அண்மையில் இரவு பத்து மணியளவில் முன் விளக்குகள் இரண்டும் ஒன்றாக அணைந்தன. பின்னர் என்ஜினும் நின்றது. அந்தக் காலத்தில் அந்த வீதியில் அந்த நேரத்தில் நிற்பது எப்படிப்பட்ட விடயம் என்பதை எமது பகுதி வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. லொறி ஒன்றின் உதவியால் விடியற்காலை வீடு வந்து சேர்ந்தோம். அடுத்த நாள் கராஜில் தரை விரிப்பைக் கழற்றிய தம்பி, வயர்களின் இணைப்புகளில் படிந்திருந்த பச்சை நிறத் தூளையும் அதன் அடியில் கிடந்த மணலையும் காட்டி, "காக்கா, இது கடல் தண்ணிக்குள்ள கெடந்த வாகனம்" என்றார்.

அந்தக் காரை இரண்டு வருடங்களில் உதிரிப்பாகத்துக்குக் கொடுத்தேன். அதற்குப் பின்னரும் மூன்று வருடங்கள் மாதாந்தத் தவணை கட்டினேன். இல்லாத காருக்குக் கட்டிய அந்தத் தவணைகள்தான் இன்றைய கட்டுரைக்குக் காரணம்.

இப்போது ஏன் இதைப் பேச வேண்டும்?

கட்டாரில் தொழில் செய்யும் மகன், "வாப்பா, உம்மம்மாவையும் ஏற்றிக் கொண்டு போகக் கூடிய நல்ல கார் ஒன்று பாருங்க" என்று அண்மையில் பணம் அனுப்பினான். சின்னக் கார் போதாது, ஜீப் வகை எமது வரவுக்கு மிஞ்சியது. எனவே நடுத்தர செடான் ஒன்றைத் தேடி இறங்கினேன். சந்தையைப் பார்த்தபோது, 2005 இல் நான் விட்ட பிழையை விடுவதற்கு இன்று எத்தனை வழிகள் இருக்கின்றன என்பது விளங்கியது.

2020 மார்ச்சில் எமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் ஏற்கனவே இருந்த கார்களே கைமாறின. கார் பழையதாக, விலை மட்டும் ஏறியது. அத்துடன் இன்னொன்றும் நடந்தது. எம்மவர்கள் நடுத்தர செடான் என்றாலே நினைக்கும் டொயோட்டா பிரீமியோ, அலியன் ஆகிய இரண்டின் உற்பத்தியும் 2021 இல் யப்பானில் முடிவுக்கு வந்தது. கொரோனாவின் வாரிசாகப் பிரீமியோவும், கரீனாவின் வாரிசாக அலியனும் 2001 இல் வந்தவை. அதனால் இறக்குமதி திறந்த பின்னரும் புதிய பிரீமியோ என்று ஒன்று வரப் போவதில்லை. ஒரு கோடி ரூபாவை நெருங்கியும் தாண்டியும் விலை சொல்லப்படும் கார், உண்மையில் வயது போன ஒரு பாவித்த கார்.

மூன்றாவது விடயம் வெள்ளம். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நாட்டின் பல மாவட்டங்களை நீரில் மூழ்கடித்தது. நீருக்குள் கிடந்த வாகனங்கள் எல்லாம் பழைய இரும்புக்குப் போய்விடும் என்று நினைக்காதீர்கள். கழுவி, காய வைத்து, வாசனை அடித்து, வேறு மாவட்டத்தில் விற்பவர்களும் இருப்பார்கள். 2005 இல் எனக்கு நடந்தது அதுதான்.

விற்பவரின் ஓட்டம், வாங்குபவரின் ஓட்டம்

கார் வாங்குமுன் செலுத்திப் பார்ப்பதை எல்லோரும் செய்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் அது விற்பவரின் ஓட்டமாகவே இருக்கிறது. நேரத்தையும் பாதையையும் வேகத்தையும் அவரே தீர்மானிக்கிறார். நாம் விருந்தாளி போல அமர்ந்து வருகிறோம். செலுத்திப் பார்ப்பது என்பது நாம் அந்தக் காரோடு வாழப் போகும் வாழ்க்கையை ஒரு மணித்தியாலத்துக்குள் வாழ்ந்து பார்ப்பதாகும். எமது ஆட்கள், எமது சுமை, எமது பாதை, எமது வெயில் எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

இம்முறை நான் மூன்று கார்களைப் பார்த்தேன். கராஜ் வைத்திருக்கும் மருமகன் ஒருவரையும் அழைத்துச் சென்றேன். எந்த நிறுவனத்தின் கார், யாருடைய கார் என்பது இங்கு முக்கியமல்ல. எப்படிப் பார்த்தோம் என்பதையே சொல்கிறேன்.

என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும்

முதலாவது காரைப் பார்க்கப் போனபோது பொனட்டில் கை வைத்தேன். சூடாக இருந்தது. "இப்பத்தான் பெற்றோல் அடிச்சிட்டு வந்தேன்" என்றார் விற்பவர். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சூடான என்ஜின் தன் நோயை மறைக்கும். "நாளைக்குக் காலையில் வாறேன், நான் வரும் வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று சொல்லித் திரும்பி விட்டேன்.

அடுத்த நாள் காலை முதல் ஸ்டார்ட்டிலேயே சைலன்சரிலிருந்து நீலப் புகை வந்தது. என்ஜின் ஒயில் எரிகிறது என்பதன் அடையாளம் அது. கறுப்புப் புகை என்றால் எரிபொருள் அளவுக்கு மிஞ்சிப் போகிறது. வெள்ளைப் புகை குளிர் காலையில் சிறிது நேரம் வந்து மறைந்தால் அது வெறும் நீராவி. என்ஜின் சூடான பின்னரும் நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். முதல் சில விநாடிகளில் சங்கிலி உரசுவது போன்ற சத்தம் வருகிறதா என்றும் காது கொடுக்க வேண்டும். முதல் நாளே செலுத்திப் பார்த்திருந்தால் அந்த நீலப் புகை எனக்குத் தெரிந்திருக்காது. அந்தக் காரை அத்துடன் விட்டோம்.

தண்ணீர் விட்டுச் சென்ற அடையாளங்கள்

இரண்டாவது கார் வெளி மாவட்டத்திலிருந்து வந்தது. அழகான கார். ஆனால் கதவைத் திறந்ததும் வாசனை மூக்கை அடைத்தது. எனக்கு 2005 நினைவு வந்தது. மருமகன் சீட் பெல்ட்டை அதன் கடைசி முனை வரை இழுத்தார். வழமையாக வெளியே வராத பகுதியில் மண்ணிறக் கோடு ஒன்று தெரிந்தது. பெல்ட்டைக் கழுவுவோர் அந்தக் கடைசி அடியை மறந்து விடுவார்கள்.

அதன் பின்னர் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஆசனம் நகரும் தண்டவாளத்தின் ஆணிகளில் துரு. டிக்கியில் ஸ்பேர் டயர் இருக்கும் குழியில் காய்ந்த சேறு. ஒரு பக்க முன் விளக்கின் உள்ளே நீர்த்திவலை. ஆற்று வெள்ளம் சேற்றை விட்டுச் செல்லும். கடல் நீர் உப்பை விட்டுச் செல்லும். உப்பு மின்னைக் கடத்தும், செம்பையும் அலுமினியத்தையும் மெல்ல மெல்லத் தின்னும். அதனால்தான் என் கார் வாங்கிய அன்றே நிற்காமல் நான்கு மாதங்கள் கழித்து நின்றது. ஹைபிரிட் கார்களில் பெரிய பற்றரி பின் ஆசனத்தின் கீழோ டிக்கிப் பக்கமோ இருப்பதால் வெள்ளம் புகுந்தால் சேதம் இன்னும் கடுமையாகும்.

இரண்டாவது காரைச் செலுத்திப் பார்க்கவே இல்லை. செலுத்திப் பார்க்குமுன் நின்று பார்ப்பதும் அந்த ஓட்டத்தின் ஒரு பகுதியே.

வெள்ளமே காணாத காராக இருந்தாலும் எமது கடற்கரையில் ஓடிய காரென்றால் அடிப்பாகத்தையும் சக்கரத்தின் மேல் வளைவுகளையும் டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மருதமுனையிலோ ஒலுவிலிலோ கடற்காற்றில் பத்து வருடம் நின்ற காரும், கண்டியில் பத்து வருடம் நின்ற காரும் ஒன்றல்ல.

வீட்டு ஆட்களை ஏற்றுங்கள்

மூன்றாவது கார் அயலூரில் ஓர் ஓய்வு பெற்ற ஆசிரியருடையது. காலையில் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து பார்த்தோம், பிழையில்லை. நண்பகலில் மீண்டும் வருவதாகச் சொல்லி, வீட்டிலிருந்து உம்மாவையும் மனைவியையும் மகளையும் கூட்டிச் சென்றேன். ஆசிரியர் சிரித்தார். "பெண் பார்க்க வந்த மாதிரி முழுக் குடும்பமும் வந்திருக்கு" என்றார்.

காரணம் இருந்தது. உம்மாவுக்கு முழங்கால் வருத்தம். முன்னர் ஒரு காரில் ஏற்றியபோது, "இதுக்குள்ள ஏறி இறங்க எனக்கு ரெண்டு ஆள் வேணும்" என்று சொல்லியிருந்தார். செடான் கார்களில் ஆசனம் பதிவாக இருக்கும். எவ்வளவு பதிவு என்பதை உரிய ஆள் அமர்ந்து பார்த்தால்தான் தெரியும். பின் ஆசனத்தில் கால் நீட்ட இடம் இருக்குமா என்பதற்கு முன், பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட நீளத்தைக் கேட்டுப் பார்க்கலாம். 2007 க்குப் பிந்திய பிரீமியோ, அலியன் கார்களில் அது 2700 மில்லிமீற்றர். கொரோலா எக்ஸியோவிலும் ஹொண்டா கிரேஸிலும் 2600. பத்துச் சென்ரிமீற்றர் கடதாசியில் சிறிதாகத் தெரியும், ஆனால் கொழும்பு வரை எட்டு மணித்தியாலம் பின்னால் அமர்ந்து போகும் உம்மாவுக்கு அது பெரிது.

நண்பகலைத் தெரிவு செய்ததற்கும் காரணம் உண்டு. காலை ஏழு மணிக்கு எல்லா ஏ.சி.யும் குளிரும். பகல் பன்னிரண்டு மணி வெயிலில் ஐந்து பேரோடு, சந்தியில் நின்று கொண்டிருக்கும் போதும் குளிர்கிறதா, என்ஜின் வெப்பமானி ஏறாமல் நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

எமது பாதையில் என்ன தெரியும், என்ன தெரியாது?

புறப்படுமுன் காப்புறுதியும் வருமான அனுமதிப்பத்திரமும் நடைமுறையில் இருக்கின்றனவா என்று கேட்டேன். உரிமையாளரும் கூடவே வந்தார். விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்பதை ஸ்டியரிங்கைத் தொடுமுன் பேசிக் கொள்வது இரு பக்கத்துக்கும் நல்லது.

முதலில் உள்ளூர் ஒழுங்கைகளில் போனோம், வானொலியை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி. வேகத்தடைகளில் மெதுவாக ஏறி இறங்கும்போது கீழேயிருந்து 'டொக்' என்று வரும் சத்தம் சொக் அப்சோபரோ புஷ்களோ தேய்ந்ததைக் காட்டும். ஒரு வெறும் வளவில் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி வட்டமடித்தோம். அப்போது 'டக் டக்' என்று கேட்டால் முன் சக்கரத்துக்குச் சக்தி கொடுக்கும் தண்டின் மூட்டு பழுது. சனம் நிறைந்த கல்முனைச் சந்தைப் பக்கம் ஊர்ந்து போனோம். தானியங்கிக் கியர் பெட்டியின் குறைகள் வேகத்தில் அல்ல, ஊரும்போதுதான் வெளிப்படும். சீ.வீ.டீ. வகையில் படிப்படியான கியர்கள் இல்லை, இரு கப்பிகளும் உருக்குப் பட்டியும் சேர்ந்து வேகத்தை மாற்றும். மெதுவாகப் புறப்படும்போது உடம்பு நடுங்குவது போல கார் நடுங்கினால் அது நல்ல அடையாளமல்ல. ஹொண்டா கிரேஸ் ஹைபிரிட்டில் இருப்பது இரட்டைக் கிளட்ச் கொண்ட ஏழு கியர் பெட்டி. அதன் நடத்தை சீ.வீ.டீ.யைப் போல் இராது. முன்னர் செலுத்திப் பழக்கமில்லாதவர் எது இயல்பு, எது குறை என்று தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக் கொள்ள வேண்டும்.

பின்னர் காரைதீவுச் சந்தியால் திரும்பி, மாவடிப்பள்ளி, சம்மாந்துறைப் பக்கமாக அம்பாறை வீதியில் போனோம். வயல் நடுவே நேரான பாதை. ஊருக்கு வெளியே சட்டம் அனுமதிக்கும் 70 கிலோமீற்றர் வேகத்துக்குள், பின்னால் வாகனம் இல்லாத இடத்தில், ஸ்டியரிங்கில் பிடியைச் சற்றுத் தளர்த்திப் பார்த்தேன். கார் ஒரு பக்கம் இழுக்கவில்லை. ஆனால் பிரேக்கை உறுதியாக மிதித்தபோது ஸ்டியரிங் கையில் அதிர்ந்தது. முன் பிரேக் தட்டுகள் சமமாக இல்லை என்பது அதன் பொருள். குறித்து வைத்துக் கொண்டேன்.

இங்கேதான் எமது பகுதி வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பெரியநீலாவணையிலிருந்து அக்கரைப்பற்று வரை எமது நிலம் சமதரை. இங்கே எந்தக் காரும் நல்ல காராகவே தெரியும். ஆனால் நாம் அந்தக் காரை வாங்குவது ஊருக்குள் சுற்றுவதற்கு மட்டுமல்ல. பேராதனையில் படிக்கும் பிள்ளையைப் பார்க்கவும், கண்டியில் வைத்தியம் பார்க்கவும் போகும்போது மஹியங்கனையைத் தாண்டியதும் பதினெட்டு வளைவுகள் வருகின்றன. போகும்போது ஏற்றம் என்ஜினையும் கியர் பெட்டியையும் சோதிக்கும். வரும்போது இறக்கம் பிரேக்கைச் சோதிக்கும். விற்பவரின் காரை அங்கு வரை கொண்டு போக முடியாது என்பது உண்மைதான். ஆனால் ஐந்து பேரை ஏற்றி, ஏ.சி.யைப் போட்டு, 30 இலிருந்து 70 வரை ஒரே மூச்சில் வேகமெடுக்கச் செய்து பார்க்கலாம். கார் திணறுகிறதா, சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாமல் இருக்கிறதா என்பது அப்போது தெரிந்து விடும்.

ஹைபிரிட் என்றால் ஐந்து நிமிட ஓட்டத்தில் பற்றரியைப் பற்றி எதுவுமே தெரியாது. அரை மணித்தியாலமாவது ஓட வேண்டும். டேஷ்போர்ட்டில் பற்றரியின் அளவு விரைவாக ஏறி விரைவாக இறங்கினால் அது தளர்ந்த பற்றரி. அதற்குக் காற்று இழுக்கும் வழி தூசியால் அடைபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், வெப்பம் பற்றரியின் ஆயுளைக் குறைக்கும். இறுதியாகக் கம்பியூட்டர் ஸ்கேன் ஒன்று. அதற்கான செலவு அந்தப் பற்றரியின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

திரும்பி வந்த பின்னர் உடனே என்ஜினை நிறுத்தவில்லை. பத்து நிமிடம் ஓட விட்டு, கீழே ஒயிலோ நீரோ சொட்டுகிறதா என்று பார்த்தோம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தெளிந்த நீர் இயல்பானது. டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்களையும் வாசித்தேன். 2318 என்றிருந்தால் 2018 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்த டயர். பூ நன்றாக இருந்தாலும் வயது போன டயர் மாற்ற வேண்டிய டயர்தான்.

முகத்தாட்சண்யத்தின் விலை

இவ்வளவும் எனக்கு 2005 இலும் ஓரளவு தெரிந்தவைதான். பின் ஏன் செய்யவில்லை? வெட்கம். இடையில் நின்றவர் தெரிந்தவர். "என்ன காக்கா, எங்கள நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டு விடுவாரோ என்ற பயம். எமது ஊர்களில் கொடுப்பவரும் வாங்குபவரும் எங்காவது ஓரிடத்தில் உறவாகி விடுகிறார்கள். அதனால் பொனட்டைத் திறக்கச் சொல்வதே அவமரியாதையாகத் தோன்றுகிறது. ஐந்நூறு ரூபாய் மீனைச் செவிளைத் திறந்து பார்த்து வாங்கும் நாம், வாழ்நாள் உழைப்பைக் கொட்டி வாங்கும் காரை முகத்தைப் பார்த்து வாங்குகிறோம்.

விற்பவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். குறையை மறைத்து விற்பது எமது மார்க்கத்தில் ஆகாத வியாபாரம் என்பது எல்லோருக்கும் தெரியும். செலுத்திப் பார்க்கத் தாராளமாக விடுபவர் தன் பொறுப்பையும் இலகுவாக்கிக் கொள்கிறார். அந்த ஆசிரியர், நான் கேட்காமலே, பின் கதவு ஒன்று முன்னர் அடிபட்டுப் பெயின்ட் அடிக்கப்பட்டது என்று சொன்னார். சொல்லாதிருந்தால் அது சந்தேகமாக இருந்திருக்கும். சொன்னதால் ஒரு தகவலாக மட்டும் இருந்தது.

கடைசியில் நான் வாங்கியது அவருடைய காரைத்தான். பிரேக் தட்டு, இரண்டு டயர், ஒரு புஷ் என்று ஓட்டத்தில் கண்டவற்றைக் கடதாசியில் எழுதி, கராஜில் விலை கேட்டு, அந்தத் தொகையைக் குறைக்கச் சொன்னேன். அவர் வாதாடவில்லை. வெறுமனே "கொஞ்சம் குறையுங்க" என்று கேட்பதற்கும், குறையைக் காட்டிக் குறைக்கக் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. பதிவுப் புத்தகத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இல்லை என்பதையும், சேசிஸ் இலக்கம் பொருந்துகிறது என்பதையும் சரிபார்த்து, உரிமையை உடனே என் பெயருக்கு மாற்றினேன். கையெழுத்து மட்டும் வைத்த திறந்த பத்திரத்தை வைத்துக் கொண்டு வருடக் கணக்கில் ஓடும் பழக்கம் ஆபத்தானது. விபத்து என்று வந்தால் பழைய உரிமையாளரும் சிக்குவார், புதியவரும் சிக்குவார்.

புத்தம் புதிய கார் வாங்குவோரும் இதை வாசித்து விட்டு, எமக்கில்லை என்று எண்ண வேண்டாம். காட்சியறையில் நிற்கும் காரைச் சுற்றி வருவது செலுத்திப் பார்ப்பதாகாது. நீங்கள் வாங்கப் போகும் அதே என்ஜின், அதே கியர் பெட்டி கொண்ட காட்சிக் காரைக் கேளுங்கள். அதற்காகக் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தால், வீட்டு ஆட்களையும் கூட்டிக் கொண்டு போங்கள். ஒரு நாள் செலவுதான்.

கடந்த விடுமுறையில் உம்மாவை ஏற்றிக் கொண்டு கண்டிக்குப் போய் வந்தோம். திரும்பும்போது மகா ஓயாவைத் தாண்டுகையில் இரவாகி விட்டது. இருபது வருடங்களுக்கு முன்னர் நாங்கள் நின்ற இடம் எது என்று மனைவி காட்டினாள். நான் வேகத்தைக் குறைக்காமல் கடந்தேன். உம்மா பின் ஆசனத்தில் காலை நீட்டி உறங்கிக் கொண்டிருந்தார்.